உதட்டைத் தூக்கிப் பார்த்தவள்

ஆயாம்மாவுக்கு அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தபோது முப்பத்து நான்கு வயது. துணி ஆலையின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதை மூன்றாகத் தடுத்து, ஓர் அறையில் தொட்டில்கள், ஓர் அறையில் பாய்கள், ஓர் அறையில் குட்டி நாற்காலிகள் என்று போட்டிருந்தார்கள். ஆலையில் சட்டை தைக்கும் பெண்களும், எதிர்வரிசை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அள்ளிக்கொண்டு போவார்கள். நாற்பது பிள்ளைகள், சில மாதம் நாற்பத்தைந்து. பார்த்துக்கொள்ள இரண்டு ஆயாக்கள், சமைக்க ஒருத்தி, எல்லோரையும் மேய்க்க மேடம்.

அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி அவளும் அழுததில்லை, அவள் புருஷனும் அழுததில்லை. புருஷன் அதே ஆலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு, பேசினால் ஊசி குத்தினாற்போல் இருக்கும். “நாப்பது பிள்ளை பெத்தவளுக்கு இன்னைக்கு முதுகு வலியா?” என்று கேட்டுக்கொண்டே தைலத்தை எடுத்து நீட்டுவார்.

பிள்ளைகளைத் தூங்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர். மதியம் ஒன்றரை மணிக்கு நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கண்ணயர்வது லேசுப்பட்ட காரியமா? அதை அவள் தினமும் நடத்திக் காட்டினாள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முன்பு இருந்த ஆயா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வழிதான். வெதுவெதுப்பான பால், அதில் இரண்டு கரண்டி சர்க்கரை, ஆளுக்கொரு பால்புட்டி. வாயில் வைத்துவிட்டால் சப்பிக்கொண்டே தூங்கிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகூட மதியத்துக்கு மட்டும் புட்டிதான். வெளியாட்கள் பார்க்க வந்தால் மேடம் அவர்களை இரண்டு மணிக்குத்தான் வரச் சொல்வார். பாய் அறையின் கதவை மெல்லத் திறந்து, “ஒரு சத்தம் வருதா பாருங்க” என்பார். ஆயாம்மா அப்போது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து நழுவிய புட்டியை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

சுருட்டை என்று ஒரு பெண் குழந்தை. தலைமுடியைப் பார்த்து ஆயாம்மாவே வைத்த பேர். ஏழாவது மாதத்தில் வந்து சேர்ந்தது; அதன் அம்மா ஆலையில் சட்டைக்குக் காலர் வைப்பவள். மூன்று வயது முடிந்தபோது சுருட்டையின் மேல்வரிசை முன்பற்கள் பழுப்பேறிக் கரைந்து ஈறோடு ஈறாக நின்றன. எல்லோரும் அதை எலி கடித்த பல் என்று சொல்லிச் சிரித்தார்கள். குழந்தையும் கூடச் சேர்ந்து சிரித்தது.

கொஞ்ச நாளில் சுருட்டை சோற்றை மென்று விழுங்காமல் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவி, பாய்க்குப் போன பிறகும் அது தட்டின் முன்னால் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கும். ஆயாம்மா அதன்பின் நாற்காலிகளைத் துடைத்து அடுக்க வேண்டும். தரையைக் கூட்ட வேண்டும். எரிச்சல் தலைக்கேறும். ஒருநாள் கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை அழுத்தி, “முழுங்குடி, முழுங்கு” என்றாள். குழந்தை வீறிட்டது. அடம் என்று நினைத்தாள். மூலையில் சுவரைப் பார்க்க உட்கார வைத்தாள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, குழந்தை சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போயிருந்தது. கடைவாயில் சோறு இன்னும் இருந்தது.

மூன்றாம் நாள் சுருட்டை வரவில்லை. முகம் வீங்கி ஒரு கண்ணே மூடிப்போய், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. வேலை முடிந்ததும் ஆயாம்மா நேரே அங்கே போனாள். அம்மாக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் அம்மா வந்தார். குள்ளமான பெண், கழுவிய கையை உதறிக்கொண்டே பேசுகிறவர்.

“ஆறு பல்லு எடுக்கணும். மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்க முடியும். தூங்கும்போது புட்டி குடுப்பீங்களா?”

“ராத்திரி எப்பவாச்சும் குடுப்பேன் டாக்டர்” என்றாள் தாய். “மதியம் காப்பகத்துல குடுப்பாங்க.”

டாக்டர் ஆயாம்மா பக்கம் திரும்பினார். “சர்க்கரை போட்டா?”

“ரெண்டு கரண்டி.”

“எவ்வளவு நாளா?”

“பதினோரு வருஷமா.”

அந்தக் குழந்தைக்கு எவ்வளவு நாளாகக் கொடுக்கிறாள் என்றுதான் டாக்டர் கேட்டார். பதிலுக்கு என்ன அர்த்தம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் திட்டவில்லை. துண்டை எடுத்துக் கையை நிதானமாகத் துடைத்தார்.

“முழிச்சிருக்கும்போது எச்சில் ஊறும், பல்லைக் கழுவிவிட்டுடும். தூங்கும்போது எச்சில் அவ்வளவா ஊறாது. சர்க்கரைப் பால் பல்லு மேலயே நின்னு அரிக்கும். தினமும் ரெண்டு மணி நேரம் அதுல ஊறினா பல்லு என்னத்துக்கு ஆகும்?”

“கன்னத்துல சோத்தை ஒதுக்கி வச்சுக்கிட்டு முழுங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா...” என்று ஆயாம்மா இழுத்தாள்.

“அடம் இல்லைம்மா. மென்னா வலிக்கும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியலை, ஒதுக்கி வச்சுக்குது.”

ஆயாம்மா கட்டைவிரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். தாய்க்காரி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவளோ ஆயாம்மாவின் கையைப் பிடித்து, “விடுங்கக்கா, வேணும்னா செஞ்சீங்க? எனக்கும்தான் தெரியலை” என்றாள். அந்தச் சொல்லை ஆயாம்மாவால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. சுருட்டை பொக்கை வாயோடு வீடு திரும்பியது. இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். வருஷத்துக்குப் புதிதாகப் பதினைந்து பிள்ளைகள் என்றாலும், பதினோரு வருஷத்துக்கு நூற்று அறுபதுக்கு மேல் வருகிறது. எத்தனை முகம் நினைவிருக்கிறது என்று யோசித்தாள். முப்பதுகூடத் தேறவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் டாக்டர் அம்மாவின் அறைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட நோட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “எனக்கு வலி ஒண்ணும் இல்லைங்க. எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுங்க, அது போதும்” என்றாள். டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. சாப்பிடப் போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தூங்கும்போது புட்டி கூடாது. கட்டாயம் வேண்டுமென்றால் வெறும் தண்ணீர். ஒரு வயதுக்கு மேல் குவளை. மூன்று வயது வரை பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்குமேல் பட்டாணி அளவு. தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து பேஸ்ட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் கழுவிவிடக் கூடாது. பெரியவர்கள் வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டியால் பிள்ளைக்கு ஊட்டக் கூடாது. பிறகு தன் மேலுதட்டைத் தானே விரலால் தூக்கிக் காட்டினார்.

“மாசம் ஒரு தடவை இப்படித் தூக்கிப் பாருங்க. ஈறை ஒட்டி சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சா, அதுதான் ஆரம்பம். அப்பவே புடிச்சா நிறுத்திடலாம். பழுப்பாயிட்டா என்கிட்ட வந்தாகணும்.”

மேடத்திடம் சொன்னபோது அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “புட்டிய நிறுத்திட்டா மதியம் இதுங்களை யாரு தூங்க வைக்கிறது? நீயா?”

“நான்தான்.”

“ஒரு புகார் வந்தாலும் பழையபடி புட்டிதான், சொல்லிட்டேன்.”

முதல் நாள் மதியம் காப்பகமே சந்தைக்கடை ஆனது. ஒரு பிள்ளை அழுதால் ஒன்பது பிள்ளைகள் ஒத்து ஊதின. ஆயாம்மா ஒன்றை இடுப்பில், ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்றாவதைக் காலால் ஆட்டினாள். இன்னொரு ஆயாவுக்கு ரேடியோ என்று பேர், வாய் ஓயாது. அவளே அந்த வாரம் பேச்சை நிறுத்திவிட்டாள். நாலாம் நாள், “அக்கா, என் ரெண்டு காதும் செத்துப்போச்சு. நாளைக்கு வந்தா வந்தேன், இல்லைன்னா என்னைத் தேடாதீங்க” என்றாள். சமையல்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்து, கொலையே விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள். பத்தாம் நாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு, எல்லாம் அழுது ஓய்ந்து, முதுகைத் தட்டத் தட்ட, புட்டி இல்லாமலே தூங்கின. ரேடியோ பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, “செத்துப் பிழைச்சோம்” என்று கிசுகிசுத்தாள்.

அடுத்தது பிரஷ். ஒன்றோடொன்று உரசாமல், நிமிர்ந்து நின்று காய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் ஒரு பலகையில் நாற்பத்தைந்து துளை போட்டுக் கொடுத்தார். “ஆலையில இத்தனை வருஷம் ஊசிக்கு வழி பண்ணினேன், இப்ப உன் பிரஷ்ஷுக்கு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பேர் எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு துளைக்குக் கீழும் ஒரு படம் ஒட்டினாள்: குடை, வாளி, காக்கா, சாவி, செருப்பு. செருப்புப் படம் கிடைத்த பிள்ளை இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றி ரயில் ஒட்டினாள். உடனே மற்ற எல்லோருக்கும் ரயில் வேண்டும் என்று ஆகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் வரிசை. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். பிள்ளையின் தலையைத் தன் மடியில் மல்லாக்கச் சாய்த்துக்கொண்டு, “மேல் வீட்டுல ஒரு சுத்து, கீழ் வீட்டுல ஒரு சுத்து, மாடிப்படி ஏறி இறங்கு, வாசல் கழுவித் துப்பு” என்று பாடிக்கொண்டே தேய்ப்பாள். மெட்டு அவளுடையது, சுமார்தான். கைகழுவும் தொட்டி பெரியவர்கள் உயரத்தில் இருந்ததால், ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிப் பிடித்துத் துப்ப வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். தாழ்வாக ஒரு தொட்டி கட்டித் தரும்படி மேடத்திடம் கேட்டாள், பார்க்கலாம் என்றார். ஆள்காட்டி விரலில் எப்போதும் ஏதாவது ஒரு பிள்ளையின் கடித்தடம் இருக்கும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முதல் மாதம் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேருக்கு வெள்ளைக் கோடு. எட்டுப் பேருக்குப் பழுப்பு. நோட்டில் படத்தை வரைந்து அதன் எதிரே குறித்துவைத்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பழுப்பு இருந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆறு மணிக்கு வாசலில் நின்று சொன்னாள். சொல்லி வைத்தாற்போல எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “பால் பல்லுதானே ஆயாம்மா, விழுந்து முளைக்கப் போறது.”

“விழறதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் எதால மெல்லும்? முன்னாடியே போயிட்டா, முளைக்கிற பல்லுக்கு இடம் தெரியாமக் கோணிக்கிட்டு வரும்” என்பாள். சிலர் கேட்டார்கள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். சிலர் அவளைக் கண்டதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலைக் கடந்தார்கள். பெற்றோர்களுக்குள் அவளுக்குப் பல் போலீஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோ வந்து சொன்னாள். ஆயாம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் அதற்குப் பிந்திய மூன்று நாலு வருஷம்தான். நோட்டில் பழுப்புக் குறி இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறங்கியது. வெள்ளைக் கோடுகள் மாதாமாதம் மங்கிக் காணாமல் போயின. பொத்தான் தைக்கும் ஒருத்தி வந்து, “காலையில தூக்கக் கலக்கத்துல நான் மறந்தாலும், பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டு எம் பொண்ணு பின்னாடியே வர்றா ஆயாம்மா. மேல் வீடு கழுவலைங்கிறா” என்றாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் உச்சி குளிர்ந்து போயிருந்தது.

காப்பகங்களின் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து பார்வையிட வந்தவர்கள் பலகையையும் நோட்டையும் பார்த்து அசந்துபோனார்கள். அப்போதுதான் மேடத்துக்குக் கண் திறந்தது. புன்னகைத் திட்டம் என்று பேர் வைத்தார். வாசலில் பெரிய பலகை மாட்டினார்கள். அதில் மேடம் ஒரு குழந்தையின் வாயருகே பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு சிரித்தார். சங்கத்தின் விழாவில் அவருக்குச் சால்வையும் கேடயமும் கொடுத்தார்கள். ஆயாம்மாவும் ரேடியோவும் திரைக்குப் பின்னால், மேடையில் ஆடவேண்டிய பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். “இது என்னோட பல வருஷக் கனவு” என்று மேடத்தின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

“அக்கா, கேக்குதா?” என்றாள் ரேடியோ.

“கேக்குது. பேரு யாருக்குப் போனா என்ன, அந்தப் பிள்ளைக்கு மூக்கைத் துடை.”

அவள் மனசாரத்தான் சொன்னாள். வீட்டில் புருஷன், “சால்வையில பாதி வெட்டிக் குடுத்தாங்களா?” என்று கேட்டபோதும் சிரித்தாள்.

விழா முடிந்து மூன்று மாதத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. பிள்ளைகளுக்கான பானம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் புன்னகைத் திட்டத்தைத் தத்தெடுத்திருந்தது. நாற்பத்தைந்து புது பிரஷ், துண்டுகள், பிள்ளைகள் உயரத்தில் பளபளவென்று நான்கு கைகழுவும் தொட்டிகள். ஆயாம்மா தொட்டிகளின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளைகள் தாங்களே நின்று துப்பின, துப்பித் துப்பி விளையாடின. வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவை அட்டைப் பெட்டிகள். உள்ளே கைக்கடக்கமான டப்பாக்கள், உறிஞ்சுகுழல் ஒட்டியவை. வளரும் பிள்ளைகளுக்கான பானம். தினமும் மாலை மூன்று மணிக்கு ஆளுக்கு ஒன்று.

ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் இயந்திரத்தின் சிறு பாகங்களைப் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். அதில் போட்டிருந்த அளவுக்கு வீட்டுச் சர்க்கரையை ஒரு தாளில் கொட்டி அளந்து காட்டினார். நாலு கரண்டி.

“பிரஷ்ஷையும் குடுக்கிறான், பல்லு போறதுக்கு வழியையும் குடுக்கிறான்” என்றார். “நீ குடுத்தது ரெண்டு கரண்டிதான். இவன் உன்னைவிடப் பெரிய ஆளு.”

வேறு சமயமாக இருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று எழுந்து உள்ளே போய்விட்டாள். புருஷன் தாளில் இருந்த சர்க்கரையைத் திரும்ப டப்பியில் போட்டு மூடினார்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனாள்.

“அந்தத் தொட்டியப் பாரு” என்றார் மேடம். “அஞ்சு வருஷமா என் உயிரை எடுத்தியே, அதே தொட்டி. யாரு குடுத்தா? அவங்கதானே? ஒரு டப்பா குடிச்சா பல்லு கொட்டிடாது.”

“தினமும் மேடம். அதுவும் தேய்ச்சு முடிச்ச பிறகு. குடுத்துத்தான் ஆகணும்னா சோத்தோட சேத்துக் குடுத்துட்டு, அப்புறம் தேய்க்கலாம்.”

“மூணு மணிக்குக் குடிக்கிற மாதிரி அவங்க படம் எடுக்கணுமாம். நாளைக்கு இந்தத் தொட்டிய எல்லாம் கழட்டிக்கிட்டுப் போனா, நீ தூக்கிப் பிடிச்சுத் துப்ப வைப்பியா?”

“வைப்பேன்.”

“உன் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கா” என்று மேடம் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவரும் காலையிலிருந்து வாடகை, மின்சாரம், பால்காரர் என்று அல்லாடுகிறவர்தான். ஆனால் பேச்சு அத்தோடு முடிந்தது.

நாற்பது டப்பாக்களுக்கும் குழல் குத்திக் கொடுக்கும் வேலை ஆயாம்மாவுடையது. இரண்டு மாதம் கொடுத்தாள். எவ்வளவு நியாயம் சொன்னாலும் அதை மறைக்க முடியாது. அவள் கையாலேயே கொடுத்தாள். மூன்றாவது மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டைத் தூக்கினாள். சுத்தமாக இருந்த ஒன்பது வாய்களில் திரும்பவும் அந்தச் சுண்ணாம்புக் கோடு. அலுவலகக்காரர் ஒருவரின் இரண்டரை வயதுப் பெண்ணுக்குக் கோடு ஏற்கெனவே பழுப்பாக ஆரம்பித்திருந்தது.

அன்று மூன்று மணிக்குப் பிள்ளைகளுக்குக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். டப்பாக்களைக் குத்தி, கொல்லைச் சாக்கடையில் ஊற்றினாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். ரேடியோ பார்த்தாள், வாழ்நாளில் முதல்முறையாக யாரிடமும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவை எறும்புகள்தான். கொல்லையிலிருந்து கட்டிடத்தைச் சுற்றி வாசல் பலகை வரைக்கும் இரண்டு கட்டைவிரல் அகலத்துக்கு ஊர்வலம் போயின. மேடம் அந்த வரிசையைப் பின்தொடர்ந்து நடந்து போய்ச் சாக்கடையைப் பார்த்தார்.

அதே வாரம்தான் அலுவலகக்காரரிடமும் அவள் பேசினாள். கழுத்தில் டை, ஒரு கையில் பை, மறு கையில் தூங்கி விழும் மகள்.

“சார், பாப்பாவுக்குப் பல்லுல பழுப்பு வந்திருக்கு. வீட்டுல தூங்கும்போது புட்டி குடுக்கிறீங்களா?”

அவர் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். “எது குடுக்கணும், எது குடுக்கக் கூடாதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாதா? நீங்க எத்தனை பெத்தீங்க?”

ஆயாம்மா பாப்பாவின் காலிலிருந்து நழுவிய செருப்பைக் குனிந்து எடுத்து மாட்டிவிட்டாள்.

“கண்டவங்க கைய என் பிள்ளை வாய்க்குள்ள விடக் கூடாது. நாளைக்கே எழுதிக் குடுக்கிறேன்.”

எழுதியும் கொடுத்தார். மேடம் அந்தக் கடிதத்தையும் எறும்பு விஷயத்தையும் ஒன்றாக மேசைமேல் வைத்துப் பேசினார். “பதினேழு வருஷம் இருந்துட்டே. உன்னை அசிங்கப்படுத்தி அனுப்ப எனக்கு மனசில்லை. உடம்பு முடியலைன்னு நீயா எழுதிக் குடுத்துட்டுப் போயிடு.”

“எழுதித் தர்றேன். அந்த ஒன்பது பிள்ளைங்க அம்மாங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்.”

“நோட்டு?”

“அது காப்பகத்துச் சொத்து.”

நோட்டு அலமாரிக்குள் போனது. வரும் பார்வையாளர்களுக்கு எடுத்துக்காட்ட அது உதவும். யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று ரேடியோ மூலம் தெரிந்துகொண்டு, மூன்றாம் நாள் மாலை ஆயாம்மா வாசலில் போய் நின்றாள். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டே, “அக்கா, எதிர்ப்பக்கம் நில்லுங்களேன், எனக்குத் திட்டு விழும்” என்றார். எதிர்ப்பக்கம் நின்றாள். மூன்று மாலையில் ஒன்பது பேரில் ஏழு பேரைப் பிடித்துச் சொன்னாள். நாலு பேர் நின்று கேட்டார்கள். இருவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்கள். ஒருத்தி, “வேலை போன ஆத்திரத்துல சொல்றீங்கன்னு மேடம் சொன்னாங்களே” என்று முகத்தில் அடித்தாற்போலக் கேட்டாள்.

அதற்கு மறுநாள் புருஷன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார். “சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. உன் வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு பிரச்சனை பண்றாங்களாமேன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பல்லு விளக்கச் சொல்றான்னு சொன்னேன்.” பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நிக்கணும்னா நில்லு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் பாக்கி” என்றார்.

குத்தலே இல்லாமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதற்குப் பிறகு போய் நிற்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரின் வீடு எங்கே என்றும் விசாரிக்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும்.

வேறு இரண்டு காப்பகங்களில் வேலை கேட்டுப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் நல்லபடியாகப் பேசி, பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டு, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கும் வேலை கிடைத்தது. சூடான துணி, ஓயாத இயந்திரச் சத்தம், மடிக்க மடிக்கக் குறையாத வெள்ளை. யாரும் அழுவதில்லை, யாரும் கடிப்பதில்லை. உடன் வேலை செய்யும் பெண்களிடம் அவள் காப்பகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் மாலை, பேருந்து நிறுத்தத்தில் அந்த அலுவலகக்காரரைப் பார்த்தாள். டை இல்லை. தோளில் மகள் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றி ஒரு துணி, உதட்டோரத்தில் காய்ந்த ரத்தம். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். நகர்ந்துபோய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கிட்டே வந்தார்.

“நாலு பல்லு எடுத்துட்டாங்க” என்றார். ஒரு வாரமாகத் தூங்காத முகம். மகளின் தாடைத் துணியைச் சரிசெய்தார். பிறகு, “நீங்க அப்பவே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே ஆயாம்மா” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார்.

ஆயாம்மாவின் வாய்வரை என்னென்னவோ வந்தது. அவர் எழுதிய கடிதம் வந்தது. நீங்க எத்தனை பெத்தீங்க என்ற கேள்வி வந்தது. அதற்கு அப்போது சொல்லாத பதில்கூட இப்போது கூர்மையாக வந்து நின்றது.

“கடைவாய்ப் பல்லு இருக்கா?” என்று கேட்டாள்.

“அது இருக்கு.”

“அதையாவது பாத்துக்கோங்க. இனிமே அதை வச்சுத்தான் மெல்லணும்.”

அவர் தலையசைத்தார். அவருடைய பேருந்து வந்தது. குழந்தையின் தலை இடித்துக்கொள்ளாமல் கையால் மறைத்துக்கொண்டு ஏறிப்போனார்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“அப்படியா கேட்டான்? நீ என்ன சொன்னே?”

“கடைவாய்ப் பல்லைப் பாத்துக்கச் சொன்னேன்.”

“அவ்வளவுதானா? நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்க வேண்டாமா?”

அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

“அந்தப் பிள்ளை தூங்கிக்கிட்டிருந்துச்சுங்க” என்றாள்.